மாப்பிள்ளைக் குழாய்

செம்மணல்விளை நடுநிலைப் பள்ளிக்கு அந்தக் குழாய் வந்த அன்று, மாலை போட்டு, மேளம் வைத்து, ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். பிள்ளைகளுக்கு அது போதாதா? அன்று சாயங்காலமே அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அந்தப் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர், அறிவியலும் நானே. ஆறுமுகநயினார் என்று பெயர். பதினேழு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைக்காத மரியாதை மாப்பிள்ளைக்கு ஒரே நாளில் கிடைத்தது.

அவரைக் கொண்டுவந்தவர் மாவட்ட நீர்க்கல்வி அலுவலர் தில்லைநாயகி மேடம். பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்றே வகுப்புகள், அறுபத்து நான்கு பிள்ளைகள். எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, என்னை முன்னால் கூப்பிட்டார்.

"கைய நீட்டுங்க சார். உள்ளங்கையில ஒரு வெளிச்சம் விழுதா? அது உங்க ரத்தத்தப் பாக்கும். ஒடம்புல தண்ணி எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிரும். ஆளு யாருன்னும் தெரிஞ்சுக்கிடும். குடிக்கவா, கழுவவான்னு கேட்டு, தேவைப்படுத அளவு மட்டும் விடும். ஒரு சொட்டு வீணாகாது."

"தாகமே இல்லாதவன் சும்மா வந்து நின்னா?" என்று கேட்டேன்.

"மரியாதையா அனுப்பிவச்சிரும்" என்றார் மேடம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்போது எங்கள் பக்கம் குளத்துத் தண்ணீர் என்று எதுவும் இல்லை. கடல் தண்ணீரை உப்பு நீக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு. அதில் மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் நீர்க்கல்வி. மாவட்டத்தில் நாற்பத்தோரு பள்ளிகளில் மாப்பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள். ஜூனிலிருந்து நவம்பர் ஆறாம் தேதிவரை எந்தப் பள்ளி மிகக் குறைவாகச் செலவழிக்கிறதோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு நாள் குற்றாலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் யாரும் அருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. குற்றாலத்தில் இப்போது பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்தாலும் அருவிக்கு அடியில் ஆளுக்கு மூன்று நிமிஷம்தான். தண்ணீரை மிச்சம் பிடித்தவர்களுக்குத் தண்ணீரில் குதிப்பதுதான் பரிசு என்று யோசித்த புண்ணியவான் யாரோ தெரியாது, ஆனால் பிள்ளைகளின் மனசு தெரிந்தவர். மேடம் அருவியின் படத்தைத் திரையில் காட்டியபோது பின்வரிசைப் பிள்ளைகள் முட்டிபோட்டு எட்டிப் பார்த்தார்கள்.

நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளை எப்படியாவது குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

இரண்டு காரியம் செய்தேன். இரண்டுமே அப்போது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டன. ஒன்று, மாப்பிள்ளையின் வாயை அடைத்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் அவரிடம்தான் கை கழுவ வேண்டும். வந்த புதிதில் அவர் ஆளாளுக்கு நின்று நலம் விசாரிப்பார். "தாகமாக இருக்கிறீர்கள், கொஞ்சம் குடித்துவிட்டுப் போங்கள்" என்பார். வரிசை சத்துணவுக்கூடம்வரை நீண்டு, சோறு ஆறிப்போகும். அதோடு அவர் உபசரிக்க உபசரிக்கச் செலவும் ஏறும். அதனால், கேட்டால் மட்டும் தண்ணீர் கொடு, பேச வேண்டாம் என்று மாற்றிவைத்தேன். இரண்டாவது, கழிப்பறைத் தொட்டிக்கு நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை, காலையில் ஒரே ஒரு முறை அரைத்தொட்டி என்று குறைத்தேன்.

ஜூலை மூன்றாம் வாரம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தோம். அதற்குப் பிறகு, அடுத்தடுத்த பள்ளிகள் ஒன்றிரண்டு தொட்டித் தண்ணீர் வித்தியாசத்தில் நெருக்கிக்கொண்டே வந்தாலும், யாராலும் எங்களை அசைக்க முடியவில்லை. திங்கட்கிழமை தோறும் பட்டியல் வரும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், காலைப் பலகாரத்தின்போது சத்தமாக வாசிப்பேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவி செண்பகவல்லி எட்டாங்கிணறு பள்ளியில் தலைமையாசிரியை. அவள் பள்ளிக்கு நாற்பத்தோராவது இடம்.

"கடைசிக்கும் கீழ ஒரு எடம் இருந்தா அதையும் பிடிச்சிருப்பிய" என்றேன் ஒரு நாள்.

"பாதித் தண்ணி பாத்ரூம் கழுவத்தான் போவுது. என்ன செய்யச் சொல்லுதிய?" என்று இட்லியை என் தட்டில் வைத்தாள். "அது இருக்கட்டும். உங்க ஸ்கூல்ல படிக்கது பிள்ளையளா, ஒட்டகமா?"

"பொறாமை" என்றேன்.

"நீங்க என்னைக்காவது உங்க பொம்பளப் பிள்ளையளோட பாத்ரூமத் தொறந்து பாத்திருக்கியளா?"

"ஆம்பள வாத்தியாரு அங்க எதுக்குப் போறான்?" என்று சட்னிக்குக் கை நீட்டினேன். பேச்சு அதோடு முடிந்தது.

பள்ளியில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இடையில் ஒரு நாள் அட்சயா என்று ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை காலை வணக்கத்தில் மயங்கி விழுந்தது. சாப்பிடாமல் வரக்கூடாது என்று அரைமணி நேரம் அறிவுரை சொன்னேன். அதே பிள்ளையை, வகுப்பில் கன்னத்தில் மிட்டாய் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு தடவை திட்டவும் செய்தேன். மற்றபடி குறையில்லை. எனக்குள் ஒரு பெருமை வேறு: பாடம் நடக்கும்போது பையன்கள்தான் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து வெளியே போகக் கேட்பார்கள், பெண் பிள்ளைகளில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. என் பாடத்தின் ருசி அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் நான்காம் தேதி மேடத்திடமிருந்து செய்தி வந்தது. ஆறாம் தேதி அவரே நேரில் வந்து முதலிடத்தை அறிவிக்கப்போகிறார். பள்ளியிலேயே மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழித்த பிள்ளை, தான் எப்படிச் சேமித்தேன் என்று மற்றப் பள்ளிகளுக்குச் சொல்ல வேண்டும். அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவார்களாம்.

மாப்பிள்ளை காட்டிய பெயர் ஜெபஷைனி, எட்டாம் வகுப்பு. கை கழுவியது போக, சராசரியாக நாளுக்கு நாற்பது மில்லி. இரண்டு வாய்த் தண்ணீர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு உரை எழுதினேன். 'நீரின்றி நாமில்லை' என்று ஆரம்பித்து, 'எங்கள் நயினார் சார் காட்டிய வழியில்' என்று நடுவில் ஒரு வரியும் வைத்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

அவள் முழுசாகப் படித்தாள். பிறகு தாளை மடித்து மேஜையில் வைத்தாள்.

"சார், இதச் சொல்லணுமா, உள்ளதச் சொல்லணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்ல சார்."

"சரி, உள்ளதச் சொல்லு. எப்படி மிச்சம் பிடிச்ச?"

ஜெபஷைனி வாசற்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"காலைல ஏழு மணிக்கு ஒரு தம்ளர். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போறவர கெடையாது. ஸ்கூல் நாள்ல கருவாடு, ஊறுகா தொடக்கூடாது. வாய் காஞ்சா கொப்பளிச்சுத் துப்பிரணும், முழுங்கிரக்கூடாது. புளியங்கொட்டைய வாயில ஒதுக்கிக்கிட்டா எச்சி ஊறும். விளையாட்டு பீரியட்ல வெயில்ல ஓடக்கூடாது. ஆறாங்கிளாஸுக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு எட்டாங்கிளாஸ் அக்காமாரு ஒரு வாரம் சொல்லிக்குடுப்பாவ. எனக்குச் சுகந்தி அக்கா சொல்லிக்குடுத்தாவ. இப்ப அட்சயாவுக்கெல்லாம் நான் சொல்லிக்குடுக்கேன்."

"எதுக்கு?" என்றேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குடிச்சா போவணும்லா சார்."

நான் என் உரையைப் பக்கத்தில் தள்ளிவைத்தேன்.

"பயலுவ பின்னால உடைமரக் காட்டுப் பக்கம் போயிருவானுவ. நாங்க எங்க போறது? முன்னால மத்தியானம் ஒருவாட்டியாவது போவோம். ஜூன்ல இருந்து பத்து மணிக்கே தொட்டி காலி. உள்ள கால் வைக்க முடியாது சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"இத எப்படி சார் ஒங்ககிட்டச் சொல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

ஐந்து மாதமாக நான் நடத்திய நீர்க்கல்வியில் எதுவும் இந்தப் பிள்ளைகளிடம் ஒட்டவில்லை. அவர்களே நடத்திக்கொண்ட பாடத்தை ஒருத்தி விடாமல் கரைத்துக் குடித்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து மாப்பிள்ளையிடம் போனேன். ஜெபஷைனியும் பின்னாலேயே வந்தாள். அவருடைய வாயைத் திறந்துவிட்டேன்.

"வணக்கம் சார். நூற்று நாற்பத்து மூன்று நாட்களுக்குப் பிறகு பேசுகிறேன்."

"இன்னைக்கு இந்த ஸ்கூல்ல தாகத்தோட இருந்த பிள்ளைய எத்தனை பேரு?"

"மதியம் கை கழுவும்போது பார்த்ததில், முப்பத்தொன்று."

"நேத்து?"

"முப்பது. ஒருவர் பள்ளிக்கு வரவில்லை."

"பொம்பளப் பிள்ளைய மொத்தம் எத்தனை?"

"முப்பத்தொன்று."

"ஏன்யா சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் சார். ஜூன் பதினான்காம் தேதி நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள்."

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

கழிப்பறைக் குழாயின் திருகு மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திறக்கப் போனேன். ஜெபஷைனி சட்டென்று குறுக்கே வந்து நின்றாள்.

"சார், இப்பத் தொறக்காதிய. இன்னும் ரெண்டு நாள்தான? நாங்க இருந்துக்கிடுவோம். குத்தாலம் போயிட்டு வந்து தொறங்க. அஞ்சு மாசம் இருந்துட்டோம், ரெண்டு நாள் எங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

என் கை திருகின் மேலேயே நின்றது. எனக்குச் சபலம் தட்டியது என்பதை ஒளிக்கவில்லை. அறுபத்து நான்கு பிள்ளைகள். வாழ்நாளில் இன்னொரு தடவை அமையுமா என்று தெரியாத ஒரு நாள். இவ்வளவுக்குப் பிறகு இரண்டே நாளில் அதைக் கெடுப்பதா? தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்.

அப்போதுதான் அட்சயா வந்தாள். ஜெபஷைனியோடு வீட்டுக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தவள், எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பயந்து, வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி என் முன்னால் நீட்டினாள்.

"மிட்டாய் இல்ல சார்" என்றாள்.

சப்பிச் சப்பி வழவழவென்று ஆகிப்போன ஒரு புளியங்கொட்டை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை வரவில்லை. திருகை முழுசாகத் திறந்தேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜெபஷைனி அழ ஆரம்பித்தாள். குற்றாலம் போயிற்றே என்றுதான் அழுதாள். எனக்கு நன்றி சொல்லி யாரும் அழவில்லை.

அன்று சாயங்காலம்தான் பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எழுதப்போவதில்லை. செண்பகத்தைப் போனில் கூப்பிட்டேன். அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. துடைப்பம், பிளீச்சிங் பவுடர், இரண்டு வாளியோடு வந்து சேர்ந்தாள். இருட்டுமுன் இரண்டு பேருமாகக் கழுவி முடித்தோம்.

மறுநாள் காலை வணக்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். பையன்கள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப குத்தாலம்?" என்று ஒருவன் கேட்டான். "இல்ல" என்றேன். என்னோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஐந்து மாதப் பேச்சையும் சேர்த்துப் பேசினார். பெண் பிள்ளைகள் முதல் நாள் தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தார்கள். இரண்டாம் நாள் தம்ளர் தம்ளராகக் குடித்தார்கள்.

ஆறாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத் தில்லைநாயகி மேடம் வந்தார். கையில் பட்டியல். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன சார் இது? ஜூலைல இருந்து முதலிடம். கடைசி ரெண்டு நாள்ல ஏழாவது எடத்துக்கு வந்துட்டிய. குழாய் எங்கயும் ஒடஞ்சிருச்சா?"

"இல்ல மேடம். பிள்ளைய தண்ணி குடிச்சிட்டாவ" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியைக் குறைத்தது, மாப்பிள்ளையின் வாயை அடைத்தது, புளியங்கொட்டை, முப்பத்தோரு பேர். எதையும் பூசி மெழுகவில்லை. நான் முடித்ததும் மேடம், "அந்த பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார். ஜெபஷைனி கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் கை கழுவ மாப்பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினார். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"வணக்கம் மேடம்" என்றார் மாப்பிள்ளை. "நீங்கள் மிகவும் தாகமாக இருக்கிறீர்கள். இந்தப் பள்ளியில் இதுவரை நான் பார்த்த எல்லாரையும்விட அதிகமாக."

மேடம் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"காலைல இருந்து இது அஞ்சாவது ஸ்கூல் சார்" என்றார், மெதுவாக. என்னிடம் சொல்வதுபோல் இருந்தாலும் தனக்கே சொல்லிக்கொண்டார். "எந்த ஸ்கூல்ல போறது? இருபத்திரண்டு வருஷமா ட்யூட்டி நேரத்துல நான் தண்ணி குடிச்சதில்ல. இது ஒரு விசயம்னே நெனச்சதில்ல. இந்தக் குழாய எப்படிச் செய்யணும்னு உக்காந்து எழுதுன குழுவுல நானும் இருந்தேன். தாகத்தப் பாக்கச் சொன்னோம். பாத்தத யாருக்காவது சொல்லணும்னு எழுதவே இல்ல. பட்டியல்ல அதுக்கு ஒரு எடம் வைக்க எனக்கே தோணல பாருங்க."

ஜெபஷைனி தம்ளரை மாப்பிள்ளைக்கு அடியில் பிடித்தாள். நிரம்பியதும் மேடத்திடம் நீட்டினாள்.

"குடிங்க மேடம். இங்க பாத்ரூம் நல்லாருக்கு."

மேடம் வாங்கி, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையும் அறிவிக்காமலேயே வண்டியேறிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, மாப்பிள்ளைகள் ஜூனிலிருந்து பார்த்துவைத்ததையும் சேர்த்துப் புதுப் பட்டியல் வந்தது. அதில் செலவுக்குப் பக்கத்தில் 'தாகம்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. யாராவது ஒரு பிள்ளை தாகத்தோடு இருந்தால், அந்தப் பள்ளி மிச்சம் பிடித்தது மிச்சமாகாது என்று அடியில் எழுதியிருந்தது. நாற்பத்தோரு பள்ளிகளில் தாகத்துக்கு நேரே பூஜ்யம் வாங்கியது ஒன்றே ஒன்று. எட்டாங்கிணறு.

அன்று காலைப் பலகாரத்தின்போது பட்டியலை வாசித்தது செண்பகம். முதலிடத்தை இரண்டு தடவை வாசித்தாள். "பொறாமை இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஒரு இட்லி கூடுதலாக வைத்தாள். கார்த்திகையில் அவள் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நிமிஷம் முடிந்தும் ஒன்று பாக்கியில்லாமல் அருவியை விட்டு வெளியே வர மாட்டோம் என்று அடம்பிடித்தார்களாம். எனக்குப் பொறாமைதான். என் பிள்ளைகளை நினைத்து மனசு கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அடுத்த வருஷப் போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையன்கள் இப்போதே திட்டம் போடுகிறார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைத் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று முறைவைத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

போன வாரம் ஏழாம் வகுப்பில் நீர்ச் சுழற்சி நடத்தினேன். கடலில் ஆரம்பித்து, ஆவியாக்கி, மேகமாக்கி, மலையில் கொண்டுபோய் நிறுத்தி, இனி மழையாகக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. நான் மிக நன்றாக நடத்தும் இடம் அது. கையை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"சார், ஒண்ணுக்குப் போணும்."

அவள் போனாள். மேகத்தை மறுபடி மலைக்குக் கொண்டுவந்தேன். இன்னொருத்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னாலேயே இரண்டு பேர்.

மணி அடிக்கும்வரை என் மழை பெய்யவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பாடத்தையும் பாதியில் விட்டதில்லை.